எட்டு மணி ஜிம்

மார்ச் 3, திங்கள்
அப்பாவை ஜிம்மில் சேர்த்தாயிற்று. அவருக்குப் பார்க்கின்சன், உடம்பை இறுக்கி அசைவை மெதுவாக்குகிற நரம்பு நோய். பதிவேட்டில் அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். முதல் எழுத்து ஒழுங்காக வந்தது. போகப் போகச் சிறுத்து, கடைசி எழுத்து கடுகளவு. முப்பது வருடம் பத்திரம் எழுதிய கை.

மார்ச் 4
மாத்திரை 7 மணிக்கு. உடம்பு இளக முக்கால் மணி நேரம் ஆகிறது. மாஸ்டர், "6 மணிக்கு வாங்கக்கா, கூட்டம் இருக்காது" என்கிறார். 6 மணிக்கு அப்பாவால் சட்டைப் பொத்தானே போட முடியாது. 8 மணிதான். முட்டை, சுண்டல் எல்லாம் ஜிம்மிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான். புரதம் கூடச் சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாது.

மார்ச் 6
ராத்திரி முழுக்க இதே நினைப்பு. மாஸ்டர் எழுதிக் கொடுத்ததில் எல்லாமே உட்கார்ந்து செய்கிற மிஷின். "ஐயா விழ வாய்ப்பே இல்லக்கா." நல்ல மனசு. ஆனால் அப்பா உட்கார்ந்திருக்கும்போது எப்போது விழுந்தார்? எழும்போது, திரும்பும்போதுதான். பட்டியலில் முதலில் செஸ்ட் பிரஸ், கையை முன்னால் தள்ளுகிற மிஷின். ஏற்கெனவே முன்னால் கூன் விழுகிற உடம்பு அது. வலுவாக வேண்டியது முதுகு. அதற்குப் பின்னால் இழுக்கிற ரோயிங் வேண்டும். பிசியோ சொன்னதும் இதுதான்: கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, எட்டிக் காலடி வைப்பது, கையை நன்றாக வீசுவது. வாரத்தில் 3 நாள் மூச்சு வாங்கும்படி 30 நிமிடம். எடைப் பயிற்சி 2 நாள், அடுத்தடுத்த நாளில் கூடாது. இத்தனையில் எதை எடுக்க, எதை விட? நாற்காலிக்கு அடிக்கோடு போட்டேன்.

மார்ச் 8
போகவில்லை. காலை மாத்திரை வேலையே செய்யவில்லை.

மார்ச் 11
நாற்காலி, 10 முறை. ஏழாவதில் கை தானாக விளிம்பைத் தேடியது. "மூக்கு கால்விரலுக்கு மேல வரட்டும்ப்பா" என்றேன். எழுந்துவிட்டார்!
டிரெட்மில்லை விட மனசில்லை. அமெரிக்காவில் 128 பேரை வைத்து வந்த 2018 ஆய்வில், வேகமாக நடந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய் பெரிதாக ஏறவில்லை. ஆனால் அவர்கள் மாத்திரையே தொடங்காதவர்கள். அப்பாவுக்கு இது ஆறாவது வருடம். சாய்ந்து மிதிக்கிற சைக்கிளே போதும். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. சத்தமாக எண்ணச் சொல்கிறேன், குரலும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

மார்ச் 14
ஜிம் வாசலில் கறுப்பு ரப்பர் விரிப்பு ஆரம்பிக்கிற இடம். நின்றுவிட்டார். குதிகால் தூக்குகிறது, முன்பாதம் தரையை விட மாட்டேன் என்கிறது, முழங்கால் மட்டும் கிடுகிடுவென்று ஆடுகிறது. பின்னால் ஆள் வந்ததால் நான் கையைப் பிடித்து இழுத்தேன். இழுக்கவே கூடாது என்று எனக்குத் தெரியும். மேலுடம்பு வந்துவிட்டது, கால் வரவில்லை. மாஸ்டர் தாங்கிப் பிடித்தார்.

மார்ச் 15
"உன் மேல தப்பில்ல கண்ணு."

மார்ச் 17
மாஸ்டரே மஞ்சள் டேப் ஒட்டி வைத்திருந்தார், அடிக்கு ஒரு கோடாக. கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்கினார். போய்விட்டார், நிற்காமல்.
பெஞ்சில் படுத்து எழுந்ததும் கண் இருட்டியது. எழுந்தால் பிரஷர் இறங்குகிறது. படுத்துச் செய்வது இனி வேண்டாம்.
கையெழுத்து அதே கடுகு.

மார்ச் 21
பேனாவை வாங்கும் முன் "பெரிசா எழுதுங்கப்பா" என்றேன். கட்டத்தைத் தாண்டி எழுதினார். கடைசி எழுத்து வரைக்கும் பெரிசு. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 24
நாளைக்கு நியூரோ டாக்டர். மாத்திரை நேரம் மாறினால் ஜிம் நேரமும் மாறும். மாஸ்டரிடம் 10 மணிக்கு இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.