அம்மாவின் நேர்த்தியும் கோணமலை ஏற்றமும்

யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்கு மலை என்ற பெயரோடு அறிமுகமானது கீரிமலை ஒன்றுதான். அதுவும் கடலோரத்து மேட்டு நிலமே. ஆகையால் திருகோணமலையில் கோணேசர் வீற்றிருக்கும் சுவாமிமலையின் ஏற்றம், எழுபது வயதைத் தாண்டிய அம்மாவுக்குப் பெரியதொரு மலையேற்றமாகவே இருந்தது. 1995 ஒக்டோபர் போர் இடப்பெயர்வில், பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் உயிரோடு தென்மராட்சி போய்ச் சேர்ந்தால் கோணேசர் மலையை நடந்தே ஏறுவேன் என்று அவர் நேர்ந்திருந்தார். போரால் மூடிக்கிடந்த பாதை திறந்த பின்னரும் அந்த நேர்த்தி ஏதேதோ காரணங்களால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

விடியமுன் சுன்னாகத்தில் வான் ஏறி, வவுனியா வழியாக வந்து, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் தோய்ந்துவிட்டு, வெயில் தணிந்த பின் கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டை வாசலை அடைந்தோம்.

அந்த வாசலை விரைவாகக் கடந்துபோக எங்களால் முடியவில்லை. 1622 இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களையே இந்தக் கோட்டைக்கு எடுத்துக் கட்டினார்கள். வாசற் கல்லில் பாண்டியரின் இணைக் கயல்களும், குளக்கோட்டன் என்ற மன்னனின் திருப்பணியைப் பறங்கியர் குலைப்பதைச் சொல்லும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இன்றும் இருக்கின்றன. கோயிலுக்குப் போகும் எவரும் இக்கல்லைப் பாராமல் போகக்கூடாது என்பது என் எண்ணம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கல்லையே மூலத்தானமாகக் கருதியவர்போல நெடுநேரம் கைகூப்பி நின்றார்.

அதன்பின் ஏற்றம் தொடங்கியது. புள்ளிமான்கள் எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தன. பத்தடிக்கு ஒருமுறை மூச்சு வாங்க நின்ற அம்மா, "கையைப் பிடியாதை பிள்ளை, நானே நடக்கிறன்" என்று சொல்லிவிட்டு, சம்பந்தர் பதிகத்தை முணுமுணுத்தபடி ஏறினார். பாட்டுக்குப் பாட்டு 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று முடியும் அப்பதிகத்தைப் பாறையில் மோதும் அலையின் ஓசையோடு சேர்த்துக் கேட்டபோதுதான், அது இந்த இடத்துக்கே உரிய பாட்டு என்பது எனக்கு உறைத்தது.

கோணேசரையும் மாதுமை அம்மையையும் தரிசித்து, அருச்சனை முடித்து, இராவணன் வெட்டுப் பக்கம் வந்தோம். செங்குத்தாகப் பிளந்த பாறையின் அடியில் கடல் கருநீலமாகக் கொந்தளித்தது. அக்கரையில்லாத நீர்வெளி கண்ணுக்கெட்டிய தூரம்வரை விரிந்து கிடந்தது. 1956 இல் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டது இந்தக் கடலடியில்தான். பிள்ளைவரம் வேண்டியோர் கட்டிய சிறு மரத்தொட்டில்கள் விளிம்பிலுள்ள மரத்தில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

அம்மா அந்தத் தொட்டில்களைப் பார்த்தபடி எங்கள் ஐந்து பேரின் பெயர்களையும் மூத்தவரிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு, அருச்சனைத் திருநீற்றை ஐந்தாகப் பிரித்துக் கடதாசியில் மடித்து, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.