பினாங்கில் பாட்டன் பெயரைத் தேடி

மலாயாத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த பாட்டனின் தடயத்தைத் தேடிப் பினாங்கு போகிறவர்களுக்கு முதலில் ஒன்று: படகுத் துறையில் நிற்கும் டாக்சியில் ஏறாதீர்கள். மீட்டர் போடமாட்டார்கள், வாயில் வந்ததுதான் விலை. ஜார்ஜ் டவுன் நகருக்குள் கேட் (CAT) என்ற பஸ் இலவசம். மிச்சமாகும் வெள்ளி (ரிங்கிட்) இறப்புப் பத்திர நகலுக்கு ஆகும்.

தேடலை இறப்பிலிருந்து பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டும். பதிவிலாகாவில் நகல் கேட்க, இறந்த வருடமும் ஊரும் கையில் இருக்கட்டும். அடையாளக் கார்டு வந்தது 1948-இல். அதற்குப் பிறகும் வாழ்ந்தவர் என்றால் அந்தப் பழைய கார்டு வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம். பெயர்தான் பெரிய தலைவலி. கிராணி (தோட்டத்து எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதியதால் பழனி ஒரு தாளில் 'பளனி', இன்னொன்றில் 'பலானி'. தகப்பன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரியான ஆள் சிக்குவார்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இருப்பதுபோல் பெயர்வாரியான கப்பல் பதிவேட்டை இங்கே எதிர்பார்க்காதீர்கள். சஞ்சிக்கூலி (ஒப்பந்தக் கூலி) முறை இங்கே 1910-இல் ஒழிந்தது. கங்காணிகள், அதாவது தோட்டத்துக்கு ஊரிலிருந்து ஆள் கூட்டி வரும் மேஸ்திரிகள், ஆள் சேர்ப்பது 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை நடந்தது. கங்காணி பெரும்பாலும் தன் ஊராரையும் உறவுக்காரர்களையும்தான் கூட்டி வந்தார். ஆகவே சொந்தக் கிராமம் தெரியாதவர்கள், அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்த குடும்பங்களின் ஊரை விசாரியுங்கள். பாதி நேரம் விடை அங்கேதான் இருக்கும்.

பத்து லஞ்சாங் இடுகாட்டுக்குக் காலை வெயில் சாய்வாக விழும்போதே போய்விடுங்கள். உச்சி வெயிலில் தேய்ந்த எழுத்து தெரியவே தெரியாது. கம்பி பிரஷ், சாக்பீஸ் இரண்டும் கல்லைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதும். சில கற்களில் தமிழ் வருடம் மட்டும் இருக்கும். 'சித்திரபானு' என்றால் 1942 ஏப்ரல் நடுவிலிருந்து 1943 ஏப்ரல் நடுவரை. ஆனால் இது 60 வருடச் சுழற்சி, 1882 ஆகவும் இருக்கலாம். கல்லின் பழமையையும் பக்கத்துக் கல்லையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பிறகு பினாங்கு ரோட்டில் நாசி கண்டார், அதாவது சோறும் பலவகைக் கறிக்குழம்பும்! குழம்புகளைக் கலந்து 'பஞ்சிர்' என்று கேளுங்கள், சோறு மிதக்கும். அந்த மீன் தலைக் கறிக்காகவே இன்னொரு முறை வரலாம். ஆனால் விலை கேட்காமல் பெரிய இறாலைத் தொடாதீர்கள், பட்ஜெட் அங்கேயே காலி.

பாட்டன் 1942-க்கும் 1945-க்கும் இடையில் காணாமல் போனவரா? ஜப்பானியர் ஆட்களைப் பிடித்துப்போய்ப் போட வைத்த சயாம் (தாய்லாந்து) மரண ரயில்பாதையை நினைத்துப் பாருங்கள். அங்கே காஞ்சனபுரியில் நேச நாட்டுச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. அதே பாதையில் மடிந்த தமிழர்களில் பெரும்பாலோருக்கு ஒரு கல்கூட இல்லை. எத்தனை வருடமானாலும் இது ஆறாத கோபம். தோட்டத்தில் யார் யாரைப் பிடித்துப் போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்று மூத்தவர்களிடம் இந்தத் தீபாவளிக்குள் கேட்டு, பெயர் பெயராக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.