கோன் நூலும் குளத்துப் பறவைகளும்

திருப்பூரில் இருந்துகொண்டு கையால் பின்னல் போடுகிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கத்தான் செய்கிறார்கள். தெருவுக்குத் தெரு நிட்டிங் மிஷின் இரவும் பகலும் ஓடுகிற ஊரில், ஒரு குழந்தைத் தொப்பிக்காக வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைவிட மோசம் என்பது பக்கத்து வீட்டு அக்காவின் தீர்ப்பு. கணக்குப் பார்த்தால் அவர் சொல்வதில் தப்பில்லை. 30 அங்குல விட்டமும் 24 கேஜும் (அங்குலத்துக்கு 24 ஊசி) கொண்ட வட்ட மிஷின் ஒன்றில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் இருக்கும். என்னிடம் இருப்பவை இரண்டு மூங்கில் ஊசிகள்.

ஆனாலும் மிஷினும் நானும் செய்வது ஒரே வேலைதான். ஒரு கண்ணிக்குள் நூலை நுழைத்து அடுத்த கண்ணியை வெளியே இழுக்கிறோம், அவ்வளவே. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த காலத்தில், வெட்டிய சிங்கிள் ஜெர்சி என்ற சாதாரண பனியன் துணியின் ஓரம் ஏன் அப்படிச் சுருண்டுகொள்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. கையால் பின்னத் தொடங்கிய பிறகுதான், அந்தத் துணியின் முகப்பில் கண்ணியின் கால்கள் மட்டுமே தெரிகின்றன, தலைகளெல்லாம் பின்பக்கம் போய்விடுகின்றன, அதனால் இருபக்க இழுப்பும் சமமாக இல்லாமல் ஓரம் சுருள்கிறது என்பது விரல்களுக்கே விளங்கியது. கழுத்துப்பட்டிக்குப் போடும் ரிப் துணியில் முன்கண்ணியும் பின்கண்ணியும் மாறி மாறி வருவதால் அந்தத் தொந்தரவு இல்லை.

கம்பளி நூல் எங்கள் வெயிலுக்கு ஒத்துவராது. கம்பெனிகளில் நூல் சுற்றிவரும் கூம்புகளில் மிஞ்சிப்போகும் அடிக்கோன்களை எடைக்கு வாங்கி வருகிறேன். பெரும்பாலும் 30ஆம் நம்பர் பருத்தி நூல்தான் கிடைக்கும். ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள், அதாவது நூல்கட்டுகள், 30 அடங்கினால் அது 30ஆம் நம்பர். அதாவது ஒரு கிராமில் சுமார் 50 மீட்டர் நூல். தனி இழையாக அதைப் பின்னுவது கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் வேலை என்பதால், ஒரு டஜன் இழைகளையாவது சேர்த்துப் பிடித்து ஒரே நூல்போல ஓட்டுகிறேன். பருத்திக்குக் கம்பளியின் நெகிழ்வு கிடையாது, விட்டால் விட்டதுதான். இரும்பு ஊசியில் கண்ணிகள் வழுக்கிக் கழன்றுவிடும், மூங்கில் பிடித்துக்கொள்ளும்.

நிறம் போட்ட கோன்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பெரும்பாலும் சாயம் ஏற்றாத கோரா நூலையே எடுக்கிறேன். சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றுத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிப் பாசனத்துக்கே உதவாமல் போனதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் பார்த்த ஊர் இது. அதன்பின் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குத் தொழில் மாறியிருக்கிறது என்பது உண்மை. எனக்குத்தான் கருநீல நூலைக் கண்டால் இன்னும் வாய்க்கால் ஞாபகம் வருகிறது.

அதே ஊரின் விளிம்பில், ஊத்துக்குளி செல்லும் பக்கம், நல்லாற்றுத் தண்ணீரை வாங்கிக்கொண்டு நஞ்சராயன் குளம் பரந்து கிடக்கிறது. சுமார் 126 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாகவும் அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு முன்பே பறவைகள் வந்துகொண்டுதான் இருந்தன என்றாலும், ஊர்க்காரர்கள் இந்தக் குளத்தைத் திரும்பிப் பார்க்க அந்தப் பெயர்ப்பலகை உதவியிருக்கிறது.

வீட்டில் சிக்கலான வேலைகளைச் செய்வேன். குளத்துக்கு எடுத்துப் போவது கண்ணால் பார்க்காமலே விரல் போடக்கூடிய நேர்பின்னல் மட்டும். கை சும்மா இருந்தால் என்னால் உட்கார முடியாது. எழுந்து நடப்பேன், போனை எடுப்பேன், அதற்குள் கரையோரத்து மடையான் பறந்துவிடும். மடியில் பின்னல் இருந்தால் உடம்பு அடங்கி இருக்கிறது, கண் மட்டும் தண்ணீரில் இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் பறவைகள் நம்மைக் கணக்கில் எடுப்பதையே விட்டுவிடுகின்றன. பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு கரை நெடுக ஓடுகிறவர்களுக்கு நல்ல படம் கிடைக்கலாம். பவளக்கால் உள்ளான் தன் நீண்ட சிவப்புக் காலைச் சேற்றிலிருந்து உருவி, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தயங்குவதை அவர்கள் பார்க்கிறார்களா என்பது சந்தேகம்.

குளிர்காலத்தில் வருகிற வாத்துகளில் எனக்குப் பிடித்தது தட்டைவாயன். மண்வெட்டி அலகைத் தண்ணீரில் பதித்தபடி, ஒன்றன் பின் ஒன்றாக வட்டமாக நீந்தும். சில சமயம் ஒரு கூட்டமே சேர்ந்து, நிட்டிங் மிஷினின் சிலிண்டர் சுற்றுவதுபோல, நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுழற்சியில் கீழிருந்து மேலெழும் நுண்ணுயிர்களையும் விதைகளையும், அலகின் ஓரத்தில் சீப்புப் பல்லாக அமைந்திருக்கும் சல்லடை வடித்தெடுத்துக்கொள்கிறது. முன்னால் போகும் வாத்து கலக்கிவிட்டதைப் பின்னால் வருவது தின்னும். அதனால்தான் இந்த வட்டம்.

கோடை நெருங்கும்போது தட்டைவாயனும் நீலச்சிறகியும் வடக்கே கிளம்பிவிடும். நாமக்கோழியும் முக்குளிப்பானும் எங்கும் போவதில்லை. முக்குளிப்பான் கைப்பிடி அளவே இருக்கும். முங்கிய இடத்தில் எழாமல், நாம் எதிர்பார்க்காத திக்கில் தலையை நீட்டும். கூட்டை விட்டு இறங்கும்போது நீர்ச்செடிகளை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகிற அதன் சாமர்த்தியத்தைப் பார்ப்பதற்காகவே கோடையிலும் போகிறேன். அப்போது மட்டும் பின்னல் பை வீட்டிலேயே இருக்கும். வியர்த்த கையில் பருத்தி நூல் நகராது.