பல் பிடுங்கிய குழியும் ஆடிக் கூழும்

நான்கு வருடங்களுக்கு முன் வலது கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். அன்று சாயங்காலமே குடியாத்தம் பீடி ஒன்றைப் பற்றவைத்தேன். மூன்றாம் நாள் வலி காதுவரை ஏறியது; விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். குழியில் உறைந்து நிற்க வேண்டிய ரத்தம் கலைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்றார்கள். அந்த ரத்தக் கட்டியின் மேல்தான் புது எலும்பு வளரவேண்டுமாம்.

போன ஆடியில் இடது பக்கத்துப் பல் ஆடியது. காட்பாடியில் பார்த்த பெண் மருத்துவர் முதலில் சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார். மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.1 சதவீதம். "இதை இறக்கிவிட்டு வாருங்கள் ஐயா, சர்க்கரை ஏறியிருந்தால் புண்ணும் ஆறாது, எலும்பும் மெதுவாகத்தான் கூடும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எரிச்சலாகத்தான் இருந்தது. பீடியை விட்டது அந்த வாரத்தில்தான். அதைப் பற்றிப் பேசினால் இப்போதும் கை பரபரக்கிறது.

இந்த ஆடியில் பிடுங்கினார்கள். முக்கால் மணி நேரம் பஞ்சைக் கடித்தபடி இருந்தேன். 24 மணி நேரம் கொப்பளிக்கவில்லை, துப்பவுமில்லை. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். அதைக் கலக்கித் துப்பக் கூடாது. வாயில் வைத்துத் தலையைச் சாய்த்துத் தானாக வழியவிட வேண்டும். நாக்குதான் பெரிய தொல்லை, ஓயாமல் குழியைத் தேடிப் போகும்.

சாத்துவாச்சாரியில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும் சமயம் அது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம், விழுங்கவும் எளிது. ஆனால் அதில் நறுக்கிப் போட்ட சின்ன வெங்காயம் ஒன்று நேரே குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குத்தி எடுக்கப் போனேன். வீட்டுக்காரி கையைத் தட்டிவிட்டாள். அடுத்த கொப்பளிப்பில் தானாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு வெறும் கூழ்தான், வெங்காயமும் இல்லை, மிளகாயும் இல்லை.

குழியில் எலும்புத் தூள் வைக்கலாமா என்றும் மருத்துவர் கேட்டிருந்தார். வைத்தால் எலும்பு சீக்கிரம் வளரும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, தாடை மேடு அதிகம் சுருங்காமல் தாங்கிப் பிடிக்கத்தான் அது. பின்னால் செயற்கைப் பல் பதிக்க நினைப்பவர்களுக்கு உதவும். எனக்கு அந்த எண்ணமில்லை, வேண்டாம் என்றேன்.

மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது பக்கம் கறுப்பாக இருந்த குழியில் புது எலும்பின் வெளிறிய நிழல் படிந்திருந்தது. மருத்துவர் வலது பக்கத்தைக் காட்டி, "இங்கே ஏன் இவ்வளவு குறைந்திருக்கிறது?" என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.