ஓர்க்னி தீவுகள், ஸ்காட்லாந்து, டிசம்பர்

டிசம்பர் 12
ஆபர்டீனிலிருந்து அக்காவைப் பற்றிச் செய்தி இல்லை. காற்று அடங்கவில்லை. கப்பல் ரத்து.

டிசம்பர் 13
ஸ்காரா பிரே போய்வந்தேன். 1850இல் ஒரு புயல் மணல்மேட்டைக் கிளறியபோது வெளியே வந்த ஊர். ஏறத்தாழ ஐயாயிரம் வருடப் பழமை. கட்டிலும் கல், அலமாரியும் கல், நடுவில் அடுப்பு. நுழைந்ததும் வலப்பக்கம் பெரிய கட்டில், இடப்பக்கம் சிறியது. அதில் ஒருத்தி காய்ச்சலோடு கிடந்திருப்பாள். அடுப்பங்கரையில் யாரோ கண்விழித்திருந்திருப்பார்கள். அன்று கரை எங்கோ தள்ளி இருந்தது. இன்று அலை காலடியில். 1920களில் எழுப்பிய சுவர்தான் ஊரைக் காக்கிறது. சுவர் முடிகிற இடத்திலிருந்து மண் சரிந்துகொண்டே போகிறது. இன்னும் எத்தனை குளிர்காலம் தாங்கும்? படுத்தால் இதே நினைப்பு.

டிசம்பர் 15
ஓடின் கல்லை உடைத்தவனை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஸ்டென்னெஸ் என்ற பழங்காலக் கல்வட்டத்துக்கு அருகில் நின்றது. அதன் துளை வழியே கைகோத்துச் சத்தியம் செய்தால் அந்த வாக்கை மீறக்கூடாது. 1814இல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் அதை உடைத்துப்போட்டான். கொதித்துப்போன ஊரார் அவன் வீட்டைக் கொளுத்தப் பார்த்தார்கள். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது.

டிசம்பர் 16
மழை. பேசப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 18
அக்கா இரண்டு வாய் கஞ்சி குடித்தாளாம்! பிராட்கர் கல்வட்டத்தை ஓட்டமும் நடையுமாகச் சுற்றினேன். 104 மீட்டர் விட்டம். 1980இல் இடி விழுந்து பிளந்த கல்லைத் தொட்டேன். பாதி இன்னும் நிற்கிறது.

டிசம்பர் 20
மேஸ்ஹோவ், பழங்காலக் கல்லறை. பத்து மீட்டர் நடைவழி, முதுகை வளைத்துத்தான் போக வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் உள்ளே புகுந்த நார்வேக்காரர்கள் சுவரெல்லாம் ரூன் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். இங்கிகெர்த்தைப் போல அழகி இல்லை என்கிறான் ஒருவன். ஒரே மேகம். வெயில் வரவில்லை.
ஓடின் கல்லின் துளையில் யார் யார் கைகோத்தார்களோ.

டிசம்பர் 21
வந்தது! ஹோய் தீவின் மலைப்பக்கம் இறங்கிய சூரியன் நடைவழி முழுக்க நீண்டு பின்சுவரில் ஏறியது. செத்தவர்களைக் கிடத்திய அறைக்கு, வருடத்தின் மிகக் குறுகிய பகலில், வெளிச்சம் வர வேண்டும் என்று கணக்குப்போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்றவரும் அழுதார்.

டிசம்பர் 22
இன்றிரவு கப்பல் விடுகிறார்களாம். இருட்டுவதற்குள் கிர்க்வால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கம்பளிக் காலுறை, அக்கா கேட்ட ஓட்ஸ் பிஸ்கட், மருந்துச் சீட்டு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. தொலைபேசி அடிக்கிறது.