கப்பல் பயணத்தில் பிள்ளைகளுக்குத் தனி கேபின் எடுக்கலாமா?

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று, நான்கு இரவுக் கப்பல் பயணங்கள் நம்மவர்களிடையே பெருகிவிட்டன. அதனால் விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: பெரியவர்கள் ஒரு கேபினிலும் பிள்ளைகள் பக்கத்துக் கேபினிலும் இருக்கலாமா? இருக்கலாம். ஆனால் முன்பதிவுத் தாளில் யாருடைய பெயர் எந்த கேபினில் பதிவாகிறது என்பதும், இரவில் யார் எங்கே தூங்குகிறார்கள் என்பதும் வெவ்வேறு விஷயங்கள். கப்பல் நிறுவனங்களின் விதிகளில் பெரும்பகுதி முதலாவதைப் பற்றியது. இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ராயல் கரீபியன் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வட அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் அதன் கப்பல்களில், 21 வயது நிரம்பாத ஒருவருக்குக் கேபின் ஒதுக்க வேண்டுமானால் அதே கேபினில் 21 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் இருக்க வேண்டும். ஆசியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா ஆகிய பகுதிகளிலிருந்து புறப்படும் கப்பல்களில் அந்த வரம்பு 18 ஆகக் குறைகிறது. கப்பல் புறப்படும் நாளன்று உள்ள வயதே கணக்கு. பயணத்தின் நடுவில் பிறந்தநாள் வருவதால் எந்தச் சலுகையும் கிடையாது. கல்லூரியில் படிக்கும் பத்தொன்பது வயது மகனையும் அவனுடைய தங்கையையும் சிங்கப்பூர்க் கப்பலில் ஒரே கேபினில் பதிவு செய்யலாம்; அதே இருவரை மயாமியிலிருந்து புறப்படும் கப்பலில் அப்படிப் பதிவு செய்ய முடியாது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் சொன்ன விதியை இங்கேயும், இங்கே கேட்ட விதியை அங்கேயும் பொருத்திப் பார்த்துக் குழம்புகிறவர்கள் பலர். கார்னிவல் என்ற கப்பல் நிறுவனம் இன்னும் கறாரானது. 21 வயதுக்கு உட்பட்டவர்களோடு 25 வயது நிரம்பிய உறவினரோ காப்பாளரோ வர வேண்டும் என்பது அதன் விதி. சிறு பிள்ளைகளின் கேபின் பெரியவர்களுடையதற்கு அடுத்தோ நேர் எதிரிலோ அமைய வேண்டும் என்றும், பதின்ம வயதினருடையது சற்றுத் தள்ளியிருக்கலாம் என்றும் அது வயதுக்கேற்றபடி தூரத்தையும் வகுத்திருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு விலக்கு உண்டு. தாய் தந்தையரோ சட்டபூர்வக் காப்பாளரோ உடன் வந்தால், பிள்ளைகளை அடுத்தடுத்த கேபினில் தனியாகப் பதிவு செய்ய ராயல் கரீபியன் அனுமதிக்கிறது. ஆனால் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்ய உட்கார்ந்தால், இரண்டு பிள்ளைகளின் வயதை மட்டும் கொடுத்து ஒரு கேபினை எடுக்க அந்தத் தளம் பெரும்பாலும் விடாது. பயண முகவர் வழியாகவோ தொலைபேசியிலோதான் முடிக்க வேண்டியிருக்கும். ஆகவே பலரும் கையாளும் வழி, ஒரு கேபினில் அப்பாவும் ஒரு பிள்ளையும், மற்றொன்றில் அம்மாவும் இன்னொரு பிள்ளையும் என்று பதிவு செய்துவிட்டு, கப்பலில் ஏறியதும் விருந்தினர் சேவை மேசையில் இரண்டு கேபின்களுக்கும் கூடுதல் சாவி அட்டைகளை வாங்கிக்கொண்டு, விருப்பம்போல் இடம் மாறிக்கொள்வது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அந்த மேசையில் இருப்பவர்கள் நாள்தோறும் பார்க்கும் கோரிக்கைதான் இது. ராயல் கரீபியனில் ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் மதுபானத் திட்டம் (மதுவுக்கு மொத்தமாக முன்கூட்டியே பணம் கட்டுவது) வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும் என்றொரு விதி இருப்பதால், தாளில் தனித்தனிக் கேபினில் இருப்பது சில தம்பதியருக்குக் கூடுதல் வசதி என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

இனி காசுக் கணக்கு. கப்பல் கட்டணம் என்பது ஒரு கேபினில் இரண்டு பேர் என்ற அடிப்படையில் அமைந்தது. முதல் இரண்டு பேருக்கு, அவர்களில் ஒருவர் ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தாலும், முழுக் கட்டணம். மூன்றாவது, நான்காவது ஆளுக்குத்தான் கட்டணம் குறையும். 'பிள்ளைகளுக்கு இலவசம்' என்று வரும் விளம்பரங்களும் பொதுவாக இந்த மூன்றாவது, நான்காவது இடத்தைத்தான் குறிக்கின்றன. அதிலும் துறைமுக வரியும், கப்பல் பணியாளர்களுக்கான அன்றாடப் பணிக்கொடையும் தனி. பணிக்கொடையை ராயல் கரீபியன் கைக்குழந்தை உட்பட எல்லோருக்கும் வசூலிக்கிறது. கார்னிவல் 2 வயதிலிருந்தும் நார்வீஜியன் நிறுவனம் 3 வயதிலிருந்தும் வசூலிக்கின்றன. எனவே நால்வர் குடும்பம் ஒரே கேபினில் போனால் இரண்டு முழுக் கட்டணமும் இரண்டு குறைந்த கட்டணமும் வரும். இரண்டு கேபின்களில் பிரிந்து போனால் நான்கும் முழுக் கட்டணம். இதைக் கேட்டதும் ஒரே கேபின்தான் மலிவு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நால்வர் தங்கும் பால்கனி கேபின் ஒன்றின் விலையையும், சன்னல் இல்லாத உட்புறக் கேபின்கள் இரண்டின் விலையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பல பயணங்களில் இரண்டும் நெருங்கியே இருக்கும். இரண்டாவது வழியில் உங்களுக்கு இரண்டு குளியலறைகள் கிடைக்கின்றன. காலை எட்டரை மணிக்குப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்க வேண்டிய நாளில், பத்து வயதுக்கு மேற்பட்ட இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் பால்கனியைவிட இரண்டாவது குளியலறையே பெரிய சொகுசு என்பது என் கருத்து.

இரண்டு கேபின்கள் என்று முடிவானால், கேபின் எண்ணைப் பிறகு நிறுவனமே ஒதுக்கும் என்ற நிபந்தனையோடு வரும் மலிவுக் கட்டணத்தின் பக்கமே போகாதீர்கள். ஒரு கேபின் ஆறாம் தளத்தின் முன்பக்கமும் மற்றொன்று பத்தாம் தளத்தின் பின்பக்கமும் விழ வாய்ப்புண்டு. அப்போது முறையிட எந்த உரிமையும் இருக்காது. எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கட்டணத்தையே எடுத்து, இரண்டு பதிவுகளையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உணவுக்கூடத்தில் அப்பாவுக்கு ஒரு மேசையும் அம்மாவுக்கு வேறொரு மேசையும் ஒதுக்கிவிடுவார்கள். அடுத்தடுத்த கேபின் வேறு, உள்கதவு உள்ள கேபின் வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். உள்கதவு உள்ளவற்றைத் தள வரைபடத்தில் சிறு குறியிட்டுக் காட்டியிருப்பார்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் பக்கத்து கேபினில் படுப்பதாக இருந்தால் உள்கதவு இல்லாத அடுத்த கேபின் எதற்கும் உதவாது. நள்ளிரவில் பயந்து எழும் குழந்தை நடைபாதைக் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டால், அந்தக் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளும். குழந்தையின் கையில் சாவி அட்டை இருக்காது. அதே சமயம், உள்கதவு வழியாகப் பக்கத்து அறைப் பேச்சு கேட்கும் என்பதால், பக்கத்தில் நம் குடும்பம் இல்லாதபோது அப்படிப்பட்ட கேபினை நான் எடுக்கமாட்டேன்.

சில சமயம் கப்பலில் இடம் இருப்பதாகக் காட்டும். இரண்டு பேருக்குக் கேட்டால் கேபின் கிடைக்கும். நால்வருக்குக் கேட்டால், அதே கேபினில் நான்கு படுக்கைகள் இருந்தும், இல்லை என்று வரும். முகவர் ஏமாற்றுகிறார் என்று பலர் நினைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். உண்மையான காரணம் உயிர்காப்புப் படகுகள். டைட்டானிக் மூழ்கியதை அடுத்து 1914இல் உருவாகி, பிறகு பலமுறை திருத்தப்பட்ட கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, கப்பலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புக் கலங்களில் இடம் இருந்தாக வேண்டும். கைக்குழந்தையும் இந்தக் கணக்கில் ஓர் ஆள்தான். ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் கேபினுக்கு இரண்டு பேர் வீதம் 5,610 பயணிகள். அதிகபட்சம் ஏற்றக்கூடியவர்கள் 7,600 பேர். இடையில் உள்ள அந்த ஏறத்தாழ 2,000 இடங்கள்தாம் சோபா கட்டிலிலும் மேல் பெர்த்திலும் படுக்கப் போகும் மூன்றாவது, நான்காவது ஆட்களுக்கு உரியவை. மேலும் ஒவ்வொரு கேபினும் ஓர் அவசரகாலக் கூடுமிடத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அந்தக் கூடுமிடத்துக்குரிய எண்ணிக்கை நிரம்பிவிட்டால், அந்தப் பகுதியில் உள்ள நால்வர் கேபின்கள் எல்லாம் இருவர் கேபின்களாகச் சுருங்கிவிடும். கப்பலின் வேறொரு பகுதியில் தேடினால் கிடைக்கவும் கூடும். சென்னையின் மே மாத விடுமுறை, சிங்கப்பூரின் ஜூன், டிசம்பர் விடுமுறைகள் ஆகியவற்றில் நால்வர் கேபின்கள் முதலில் தீர்ந்துபோவதற்கும், 'கடைசி நேரத்தில் விலை குறையும்' என்ற நம்பிக்கை குடும்பங்களுக்குப் பலிக்காமல் போவதற்கும் இதுவே காரணம்.

இதனால்தான் கேபினை மாற்றிக்கொள்ளும் குடும்பங்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சாவி அட்டையில் அச்சாகியிருக்கும் கூடுமிட எண், பதிவான கேபினுக்கு உரியது. அடுத்தடுத்த கேபின்களுக்குப் பெரும்பாலும் ஒரே கூடுமிடம்தான் அமையும் என்றாலும், எப்போதும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. ஏறிய அன்றே எல்லோருடைய அட்டைகளையும் வரிசையாக வைத்து எண்களை ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபட்டிருந்தால் சேவை மேசையில் சொல்லி ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தை விஷயத்தில் பேரத்துக்கு இடமே இல்லை. பெரிய நிறுவனங்கள் பொதுவாகப் புறப்படும் நாளன்று 6 மாதம் நிரம்பியிருக்க வேண்டும் என்கின்றன. பெருங்கடலைக் கடக்கும் பயணங்களுக்கும், தொடர்ந்து மூன்று நாட்களோ அதற்கு மேலோ கரை தொடாமல் செல்லும் பயணங்களுக்கும் 12 மாதம். கப்பலில் மருத்துவர் உண்டே தவிர, பச்சிளங்குழந்தைக்கான தீவிர சிகிச்சை வசதி கிடையாது. தொட்டில் கட்டில் வேண்டுமானால் முன்பதிவின்போதே கேட்டுவைக்க வேண்டும். குழந்தை உயிர்காப்புச் சட்டையைக் கேட்டு வாங்கிக் கேபினிலேயே வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் பயணத்தில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒன்று இருந்தாக வேண்டும் என்பது அதே உடன்படிக்கையின் விதி.

நால்வர் கேபினின் உள்ளே என்ன நடக்கும் என்பதை வரைபடம் சொல்லாது. பகலில் சோபாவாக இருப்பது இரவில் கட்டிலாக விரிந்ததும் பால்கனிக் கதவுக்கும் பெரிய கட்டிலுக்கும் இடையில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் இடம்தான் மிஞ்சும். மேல் பெர்த், சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்குவது. ஏணி ஒன்றைச் சாய்த்து வைப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது கொண்டாட்டம். நான்கு வயதுப் பிள்ளையை அதில் படுக்கவைப்பது எனக்கு உடன்பாடில்லை. தூக்கத்தில் புரளும் குழந்தைகள் இருந்தால், பெரிய கட்டிலை இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்லி, பெரியவர்களில் ஒருவர் சோபா கட்டிலுக்கு மாறிக்கொள்வதே நல்லது. பால்கனிக் கதவின் மேல் தாழ் சிறு பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். ஆனால் பால்கனியில் உள்ள நாற்காலி கைப்பிடிக் கம்பி அருகே எப்போதும் இருக்கக் கூடாது.

தாத்தா பாட்டியோடு பேரப்பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கேபினில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்ற விதியை அவர்கள் நிறைவேற்றிவிடுவார்கள். ஆனால் அவர்கள் பெற்றோரும் அல்லர், சட்டபூர்வக் காப்பாளரும் அல்லர். பெற்றோர் கப்பலில் வராதபோது, குழந்தையின் பாஸ்போர்ட்டோடு, குறைந்தது பெற்றோரில் ஒருவர் கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த கடிதத்தின் அசலையும் ராயல் கரீபியன் கேட்கிறது. பயணத்துக்கு மட்டுமல்லாமல், அவசரத்தில் மருத்துவ சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் அதிகாரத்தையும் அந்தக் கடிதம் தாத்தா பாட்டிக்கு வழங்கியிருக்க வேண்டும். சித்தி, மாமாவோடு அனுப்பினாலும் இதே விதிதான்.

இதில் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் பிள்ளைக்கு அப்பாவின் பெயரும், அப்பாவுக்குத் தாத்தாவின் பெயரும், அம்மாவுக்குச் சில சமயம் அவருடைய தந்தையின் பெயரும் இருக்கும். அப்படிப்பட்ட நால்வர் குடும்பத்தில் அண்ணன் தங்கையைத் தவிர வேறு எவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்காது. தாளில் அம்மாவும் மகனும் ஒரு கேபின் என்று பதிவாகியிருக்கும்போது, இருவர் பெயருக்கும் தொடர்பே இல்லையே என்று துறைமுக முகப்பில் ஒருவர் நிமிர்ந்து பார்ப்பது இயல்பு. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். தமிழ்நாட்டுச் சான்றிதழில் ஆங்கிலமும் இருப்பதால் மொழிபெயர்ப்புத் தேவைப்படாது. பெரிய பெட்டிகளை முகப்புக்கு முன்பே வாங்கிக்கொண்டுபோய் மாலையில் கேபின் வாசலில் வைப்பார்கள் என்பதால், சான்றிதழையும் நோட்டரி கடிதத்தையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.