குட்டியின் நெஞ்சு ஏன் அவ்வளவு வேகமாக அடிக்கிறது?

முதன்முறையாக நாய்க்குட்டி வளர்ப்பவர்கள் பலர், மடியில் கிடக்கும் குட்டியின் நெஞ்சு படபடவென்று அடிப்பதை உணர்ந்ததும் ஏதோ கோளாறு என்று அஞ்சிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த வேகம் இயல்பானதே. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குட்டியின் இதயம் நிமிடத்துக்கு 200 முறைக்கு மேலும் துடிக்கக்கூடும். ஒரே துடிப்பில் கூடுதல் இரத்தத்தை வெளியேற்றும் வலு அதற்கு இன்னும் வராததால், உடலின் தேவையை வேகத்தாலேயே ஈடுகட்டுகிறது. சில மாதங்களில் இது ஏறத்தாழ 120 முதல் 160 வரை குறையும். வளர்ந்த பெரிய இன நாய்களில் 60 முதல் 100 வரை இறங்கிவிடும்.

ஆகவே பச்சிளங்குட்டியிடம் நான் அஞ்சுவது வேகத்துக்கு அல்ல, மந்தத்துக்கே. முதல் வாரத்தில் அதற்கு உடல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள இயலாது. தாயின் அணைப்பிலிருந்து விலகி உடல் குளிர்ந்துவிட்டால் துடிப்பு தளரும், குடலும் சரிவர இயங்காது. பசியால்தான் துவண்டிருக்கிறது என்று எண்ணி அந்நிலையில் பால் புகட்டுவது ஆபத்தானது. முதலில் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும், பிறகுதான் பால்.

துடிப்பைக் குட்டி அயர்ந்து உறங்கும்போது எண்ணுவதே சரி. இடது முன்னங்காலின் முழங்கை விலாவைத் தொடும் இடத்தில் விரல்களை இலேசாக வைத்து, 15 விநாடிகள் எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். விளையாடிவிட்டு ஓடிவந்த குட்டியிடம் எடுத்த எண்ணால் பயனில்லை. எண்ணும்போது தாளம் தப்புவதுபோல் தோன்றலாம். மூச்சை இழுக்கையில் துடிப்பு விரைவதும் விடுகையில் தளர்வதும் நாய்களுக்கு இயற்கை. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டுச் சொல்லும் மெல்லிய முணுமுணுப்பு ஒலியும் பல குட்டிகளில் நான்கைந்து மாத வயதுக்குள் தானே மறைந்துவிடும். மறையாமல் நீடித்தாலோ ஒலி வலுத்தாலோ ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை செய்துகொள்வது நல்லது, ஏனெனில் பிறவி இதயக் குறைபாடுகள் சில இப்படித்தான் முதலில் வெளிப்படுகின்றன.

எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது என்பது என் கருத்து. உதட்டை விலக்கி ஈற்றை விரலால் அழுத்தினால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருந்தால், அல்லது உறக்கத்திலும் மூச்சு வாங்கினால், காலை வரை காத்திருக்கக் கூடாது. தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டி வாந்தியெடுத்து இரத்தம் கலந்து கழிந்தால் பார்வோ என்னும் வைரஸ் குடல் நோயாக இருக்கலாம். அங்கும் தாமதம் உயிரைப் பறிக்கும்.

மருத்துவமனை மேசையில் ஏற்றியதுமே அச்சத்தால் துடிப்பு எகிறிவிடும். அதனால் நலமாக உறங்கும் நாட்களிலேயே அதன் வழக்கமான எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, மூச்சு மாறுபடும்போது எடுத்த ஒரு சிறு காணொளியோடு மருத்துவரிடம் காட்டுவது அவருக்குப் பேருதவியாக இருக்கும்.